சிஆர்பி நார்மல், ஆனால் ரத்தம் போகிறதே: பெருங்குடல் அழற்சியில் ரத்தப் பரிசோதனையை எப்படிப் புரிந்துகொள்வது?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி நோய் இருப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் குழப்பம் இது. மலத்தோடு ரத்தமும் சளியும் போகின்றன. ராத்திரியில் இரண்டு முறை எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவிலோ அழற்சியைக் காட்டும் சிஆர்பி 3, நார்மல் என்று இருக்கிறது. அப்படியானால் அழற்சியே இல்லையா, எல்லாம் மன உளைச்சலா என்ற சந்தேகம் வருகிறது. இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. பல மாதங்களாக வயிறு அமைதியாக இருக்கும். சிஆர்பி மட்டும் 18 என்று வந்து தூக்கத்தைக் கெடுக்கும்.

இந்த எண்கள் உடம்பில் எங்கே உருவாகின்றன என்று தெரிந்தால் இரண்டு குழப்பமும் தீரும். ரத்தத்தில் அளக்கப்படும் முக்கியமான அழற்சிக் குறிகள் குடலில் உருவாவதில்லை, கல்லீரலில் உருவாகின்றன. குடலில் நடக்கும் கலவரம் கல்லீரலின் காதுக்கு எவ்வளவு எட்டியது என்பதைத்தான் அவை காட்டுகின்றன.

நோய் எங்கே இருக்கிறது?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உட்பூச்சை, அதாவது சளிச்சவ்வைப் பிடிக்கும் நோய். பெரும்பாலும் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். சிலருக்கு மலக்குடலோடு நின்றுவிடும். சிலருக்கு இடதுபக்கக் குடல் வரை போகும். சிலருக்குப் பெருங்குடல் முழுவதும் பரவும். இதன் உறவு நோயான கிரோன்ஸ் நோய் அப்படியில்லை. அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம், குடல் சுவரின் முழுத் தடிமனையும் துளைத்துப் போகலாம்.

மேல்பூச்சோடு நிற்பதும் சுவர் முழுவதும் ஊடுருவுவதும் ரத்தப் பரிசோதனையில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகின்றன.

சிஆர்பி: கல்லீரல் எழுப்பும் எச்சரிக்கை மணி

சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்பதன் சுருக்கம்தான் சிஆர்பி. 1930-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு அது ஒட்டிக்கொண்டதால் இந்தப் பெயர் வந்தது. குடலோடு இதற்குத் தனி உறவு எதுவும் கிடையாது.

இது உருவாகும் விதம் இப்படி:

1. திசு ஒன்று அழற்சியடைந்தால் அங்கே கூடும் நோயெதிர்ப்பு அணுக்கள் தூதுப் புரதங்களைச் சுரக்கின்றன. இவற்றில் சிஆர்பிக்கு மிக முக்கியமானது இன்டர்லூக்கின்-6.

2. அந்தத் தூது ரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைகிறது. போதுமான அளவு வந்து சேர்ந்தால் கல்லீரல் அணுக்கள் சிஆர்பி தயாரிப்பில் இறங்குகின்றன.

3. 6 முதல் 8 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அளவு ஏறத் தொடங்கும். சுமார் 48 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும்.

4. தூண்டுதல் நின்றால் வேகமாக இறங்கும். சிஆர்பியின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். உடம்பு நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வேகம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் ரத்தத்தில் உள்ள அளவு, கல்லீரல் இப்போது எவ்வளவு தயாரிக்கிறது என்பதை ஏறக்குறைய நேரடியாகவே காட்டுகிறது.

நான்காவது விஷயம்தான் சிஆர்பியின் பெரிய பலம். மருந்து கொடுத்த இரண்டு மூன்று நாளில் மாற்றம் தெரிந்துவிடும். ஆனால் இரண்டாவது படியில் ஒரு பலவீனம் ஒளிந்திருக்கிறது. தூது போதுமான அளவு போய்ச் சேராவிட்டால் மணி அடிக்காது.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அது ஏன் அடிக்கடி அடிப்பதில்லை?

முதல் காரணம் ஆழம். மேல்பூச்சில் மட்டும் நடக்கும் அழற்சி, சுவர் முழுவதும் நடக்கும் அழற்சியைவிடக் குறைவான தூதையே பொது ரத்த ஓட்டத்துக்கு அனுப்புகிறது. கிரோன்ஸ் நோயில் குடலைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசுவும் அழற்சியில் சேர்ந்துகொண்டு தன் பங்குக்குத் தூதை அனுப்புவதாகக் கருதப்படுகிறது. அதனால் இரண்டு நோய்களும் ஒரே அளவு தொல்லை கொடுத்தாலும் கிரோன்ஸ் நோயில்தான் சிஆர்பி பொதுவாக அதிகமாக ஏறும்.

இரண்டாவது பரப்பு. மலக்குடல் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளம்தான். அந்தச் சிறிய இடம் புண்ணாகிச் சிவந்து ரத்தம் கசிந்தாலும் கல்லீரலைப் பொறுத்தவரை அது தூரத்துச் சலசலப்பு. மலக்குடலில் மட்டும் நோய் உள்ளவர்களுக்கு சிஆர்பி நார்மலாக இருப்பதே வழக்கம் எனலாம். இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லாததால், கண்ணெதிரே ரத்தம் போகும்போதும் 'எனக்குத்தான் பிரமையோ' என்று நோயாளிகள் தங்களையே சந்தேகப்படுகிறார்கள். அந்தச் சந்தேகம் தேவையே இல்லை. மலத்தில் ரத்தம் போவது தன்னளவிலேயே ஒரு தகவல். அதை ஒரு நார்மல் சிஆர்பி அழித்துவிடாது.

மூன்றாவது பிறவியிலேயே வருவது. சிஆர்பி மரபணுவில் மனிதருக்கு மனிதர் சிறு வேறுபாடுகள் உண்டு. ஒரே அளவு அழற்சிக்கு ஒருவரின் கல்லீரல் உரக்கவும் இன்னொருவரின் கல்லீரல் மெதுவாகவும் பதில் சொல்லும்.

இதிலிருந்து நடைமுறைக்கு மிகவும் உதவும் ஒரு கேள்வி பிறக்கிறது. நோய் தீவிரமாக இருந்ததாகக் கொலனோஸ்கோபியில் (குழாய்க் கேமராவால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் பரிசோதனை) உறுதியான சமயத்தில் உங்கள் சிஆர்பி எவ்வளவு இருந்தது? அப்போது 40 இருந்தவருக்கு இன்று 3 என்றால் அது நல்ல செய்தி. அப்போதே 3 இருந்தவருக்கு இன்றைய 3 எதையும் சொல்வதில்லை. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக வைத்திருப்பதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது.

ஈஎஸ்ஆர்: மெதுவான சாட்சி

ரிப்போர்ட்டில் சிஆர்பியோடு வரும் ஈஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் படியும் வேகம்) ஒரு புரதத்தின் அளவு அல்ல. உறையாமல் தடுத்த ரத்தத்தைச் செங்குத்தான மெல்லிய குழாயில் நிறுத்தி வைத்தால், ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே படிகின்றன என்ற கணக்கு அது. 1897-ல் போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்னாட்ஸ்கியும், பிறகு சுவீடனின் ஃபாரேயஸ், வெஸ்டர்கிரன் ஆகியோரும் இதை வளர்த்தெடுத்தார்கள். இன்றும் வெஸ்டர்கிரன் முறைதான் அளவுகோல்.

சிவப்பணுக்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னேற்றம் கொண்டவை. அழற்சியில் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் கூடும்போது அந்த விலக்கல் தளர்ந்து, அவை காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்கின்றன. அடுக்குக்கு எடை அதிகம், அதனால் வேகமாகப் படிகிறது.

ஃபைப்ரினோஜென் ரத்தத்தில் பல நாட்கள் தங்கும். எனவே ஈஎஸ்ஆர் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். நோய் அடங்கிய பிறகும் சில வாரங்கள் உயர்ந்தே நிற்கலாம். சிஆர்பி இறங்கிவிட்டது, ஈஎஸ்ஆர் மட்டும் 45-ல் நிற்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இந்தத் தாமதம்தான்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ரத்தசோகை இருந்தாலே ஈஎஸ்ஆர் ஏறும், ஏனென்றால் அணுக்கள் குறைவாக இருக்கும்போது படிவதற்குத் தடையும் குறைவு. குடலில் மாதக்கணக்கில் ரத்தம் இழந்தவருக்கு அழற்சி அடங்கிய பிறகும் சோகையால் மட்டுமே ஈஎஸ்ஆர் உயர்ந்திருக்கலாம். வயது, கர்ப்பம் இரண்டும் ஏற்றும். ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி என்பது மேல் வரம்புக்குப் பழைய மனக்கணக்கு. 60 வயதுப் பெண்ணுக்கு 35 வரை போகலாம் என்று அர்த்தம். ஹீமோகுளோபினைப் பார்க்காமல் ஈஎஸ்ஆரை மட்டும் பார்ப்பது பாதிக் கதையைப் படிப்பது போலத்தான்.

அதே காகிதத்தில் உள்ள மற்ற எண்கள்

ஆல்புமின். கல்லீரல் தயாரிக்கும் இந்த ரத்தப் புரதம் எதிர்த்திசையில் நகரும் குறி, அழற்சி ஏறினால் இது இறங்கும். கல்லீரல் தன் உற்பத்தியை சிஆர்பி போன்றவற்றின் பக்கம் திருப்பிவிடுகிறது, நுண்குழாய்களிலிருந்து கசிவு கூடுகிறது, புண்ணான குடல் வழியாகவும் புரதம் வெளியேறுகிறது. சரி, நிறையப் புரதம் சாப்பிட்டால் ஏறிவிடுமா? போதிய உணவு அவசியம்தான், ஆனால் அழற்சி அடங்காமல் ஆல்புமின் நிமிராது. அதன் அரை ஆயுள் சுமார் 3 வாரம், ஆகவே நேற்றைய நிலவரத்தை அதில் தேடக் கூடாது. இது வெறும் குறி மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆல்புமின் மிகவும் குறைந்தவர்களின் உடம்பிலிருந்து அழற்சியை அடக்கும் இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசி மருந்துகள் வேகமாக வெளியேறிவிடுகின்றன. வழக்கமான அளவு மருந்து அவர்களுக்குப் போதாமல் போகலாம்.

தட்டணுக்கள். ரத்தம் உறைய உதவும் அணுக்கள் இவை. மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இயல்பு. அழற்சி, இரும்புச்சத்துக் குறைவு இரண்டுமே ஏற்றும் என்பதால் காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நோய் தீவிரமாக இருக்கும்போது காலிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து கூடுகிறது. ரத்தம் போய்க்கொண்டிருப்பவரை மருத்துவமனையில் சேர்த்ததும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடுவதைப் பார்த்துக் குடும்பத்தினர் பதறுவதுண்டு. அது தவறுதலாகப் போடப்படும் ஊசி அல்ல, அந்த ஆபத்துக்கான காப்பு.

ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும். ஃபெரிட்டின் இரும்புச் சேமிப்பைக் காட்டும். ஆனால் அழற்சி அதையும் செயற்கையாக உயர்த்தும். அழற்சி இல்லாதபோது லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு. அழற்சி இருக்கும்போது 100 வரை இருந்தாலும் இரும்புக் குறைவு இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் (இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை) பார்ப்பார்கள். இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. அது குடல் வழியே இரும்பு ஏறும் வாசலை மூடுகிறது. நோய் தீவிரமாக உள்ளபோது இரும்பு மாத்திரை சரியாகப் பலிக்காமல், நரம்பு வழியே இரும்பு ஏற்ற நேர்வதற்கு இது ஒரு காரணம்.

வெள்ளணுக்கள். இந்த நோயைப் பின்தொடர இதை அதிகம் நம்ப முடியாது. ஸ்டீராய்டு சாப்பிட்டாலே எண்ணிக்கை கூடும். நோயெதிர்ப்பை அடக்கும் அசத்தியோபிரின் மாத்திரை சாப்பிட்டால் குறையலாம். அந்த மருந்து எடுப்பவர்களுக்கு இதைப் பார்ப்பது எலும்பு மஜ்ஜையின் பாதுகாப்புக்காகத்தான்.

பி-ஆன்கா என்ற எதிர்ப்பொருள் பரிசோதனையும் சிலரது கோப்பில் இருக்கும். அது அழற்சியின் அளவைச் சொல்லாது. நோய் எந்த வகை என்று யோசிக்கும்போது ஓரளவு உதவும், அவ்வளவே.

தொந்தரவு இருக்கிறது, ரத்தம் நார்மல்: அப்புறம் என்ன?

இங்கே குடலிலிருந்தே நேரடியாகச் செய்தி கொண்டுவரும் பரிசோதனை தேவை. மலத்தில் பார்க்கப்படும் கால்புரோடெக்டின் அப்படிப்பட்டது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவுக்குள் நிறைந்திருக்கும் புரதம் இது. அந்த அணுக்கள் குடல் பூச்சைத் தாண்டி உள்ளே கொட்டினால் மலத்தில் ஏறும். கல்லீரல் என்ற இடைத்தரகர் இதில் இல்லை. அதனால்தான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் சிஆர்பியைவிட இது கூர்மையானது.

அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு கிராம் மலத்துக்கு 150 மைக்ரோகிராம் என்ற எல்லையை வைத்து இப்படி யோசிக்கச் சொல்கிறது:

1. தொந்தரவு எதுவும் இல்லை, கால்புரோடெக்டின் 150-க்குக் கீழே: அழற்சி இல்லை என்று கொள்ளலாம், அதற்கென்று கொலனோஸ்கோபி வேண்டாம்.

2. தொந்தரவு மிதமாகவோ கடுமையாகவோ இருக்கிறது, அளவு 150-க்கு மேலே: அழற்சி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, உடனடிக் கொலனோஸ்கோபி இல்லாமலே சிகிச்சையை மாற்றலாம்.

3. தொந்தரவு லேசாக இருக்கிறது, அல்லது தொந்தரவும் எண்ணும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன: ஊகித்துப் பயனில்லை, உள்ளே பார்க்க வேண்டும்.

முதல் இரண்டிலும் சிஆர்பியையும் ஒரு குறியாகப் பயன்படுத்தலாம். ஆனால் அது உயர்ந்திருப்பதற்கு உள்ள மதிப்பு, நார்மலாக இருப்பதற்கு இல்லை.

கால்புரோடெக்டினும் குறையில்லாதது அல்ல. ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் அதை ஏற்றும். குடலில் கிருமித்தொற்று வந்தாலும் ஏறும். அதனால் நோய் திடீரென்று கிளம்பியதுபோல் தெரிந்தால், குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமிக்கான மலப் பரிசோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும். அழற்சிக் குறிகள் எல்லாமே ஏறியிருக்கும்போது, தொற்றா நோயா என்று அவை பிரித்துச் சொல்லாது. தொற்று இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டை மட்டும் கூட்டினால் நிலைமை மோசமாகலாம்.

எல்லாப் பரிசோதனையும் சுத்தமாக வந்தும் வயிற்றுவலியும் பேதியும் தொடரும் நிலையும் உண்டு. அழற்சி ஆறிய பிறகு குடலின் நரம்புணர்வும் அசைவும் சீர்கெட்டு நிற்கலாம். அந்தத் துன்பமும் நிஜமானதுதான், வைத்தியம் மட்டும் வேறு.

வயிறு அமைதி, சிஆர்பி உயர்வு

சிஆர்பி குடலுக்கு மட்டும் சொந்தமானது அல்ல என்பதால் இது நடக்கிறது. சளிக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, பல் ஈறு நோய், சமீபத்திய காயம் அல்லது அறுவை, மூட்டு அழற்சி என எதுவும் ஏற்றலாம். உடல் பருமன், புகை, கர்ப்பம், ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரை ஆகியவை லேசாக உயர்த்தியே வைத்திருக்கும். ஒரே ஒரு உயர்ந்த எண்ணை வைத்து ஸ்டீராய்டு தொடங்குவது சரியல்ல. சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பதும், கூடவே மலப் பரிசோதனை செய்வதும்தான் நியாயமான வழி. எண் 100-ஐத் தாண்டினால் கதை வேறு. கடும் தொற்றையோ கடுமையான குடல் அழற்சியையோ உடனே தேட வேண்டும்.

பதறுவதற்கு முன் அலகைப் பாருங்கள். சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராமிலும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராமிலும் எழுதுகின்றன. இரண்டுக்கும் 10 மடங்கு வித்தியாசம். ஒரு லேபில் 0.8, அடுத்ததில் 8 என்றால் இரண்டும் ஒன்றே. இங்கே சொல்லும் சிஆர்பி எண்கள் எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. ஹை சென்சிட்டிவிட்டி சிஆர்பி என்பதும் இதே புரதத்தை மிகக் குறைந்த அளவிலும் அளக்கும் முறைதான். அது இதயநோய் ஆபத்தைக் கணிக்க வந்தது, அதன் எல்லைக்கோடுகளைக் குடல் நோய்க்குப் பொருத்தக் கூடாது.

மருந்துகளும் எண்ணை அசைக்கும்

ஸ்டீராய்டு தூதுப் புரதங்களின் சுரப்பையே அடக்குவதால் சிஆர்பி சில நாட்களில் விழும். சளிச்சவ்வு ஆற அதைவிட வெகுநாள் ஆகும். டோஃபாசிட்டினிப், உபடாசிட்டினிப் போன்ற ஜேக் தடுப்பு மாத்திரைகள் இன்டர்லூக்கின்-6 தன் செய்தியை அணுவுக்குள் கடத்தும் பாதையிலேயே கைவைக்கின்றன. ஆகவே அந்த மருந்துகளில் சிஆர்பி இறங்குவதில் ஒரு பங்கு மணியின் கம்பியைத் தளர்த்தியதால் வந்தது. 2021-ல் வெளியான ஸ்ட்ரைட்-2 என்ற சர்வதேசப் பரிந்துரை, சிஆர்பி நார்மலாவதை இடைக்கால இலக்கு என்றும், குடல் பூச்சு ஆறுவதை நீண்டகால இலக்கு என்றும் பிரித்து வைத்தது இதனால் அர்த்தமுள்ளதாகிறது.

சிஆர்பியின் இந்தக் குறைகளைத் தாண்ட எல்ஆர்ஜி என்ற வேறொரு ரத்தப் புரதம் ஜப்பானில் பயன்பாட்டில் இருக்கிறது. இன்டர்லூக்கின்-6 மட்டுமல்லாமல் மற்ற தூதுகளும் இதைத் தூண்டும், அழற்சி நடக்கும் இடத்திலேயும் இது உருவாகும் என்பதால் சிஆர்பி பேசாத இடத்திலும் இது பேசக்கூடும்.

ரத்த எண் முடிவெடுக்கும் நேரம்

லேசான நோயில் தடுமாறும் இதே சிஆர்பி, கடும் நோயில் உயிர் காக்கும் வழிகாட்டியாகிறது. குடல் முழுவதும் ஆழமாகப் புண்ணாகும்போது தூது வெள்ளமாகப் போவதால் கல்லீரல் கேட்காமல் இருக்க முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 1955-ல் வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ரத்தம் கலந்த மலம் நாளுக்கு 6 முறை அல்லது அதற்கு மேல் போக வேண்டும். அதோடு கீழே உள்ளவற்றில் ஒன்றாவது இருந்தால் அது கடுமையான தாக்குதல்:

1. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 90-க்கு மேல்
2. காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல்
3. ஹீமோகுளோபின் 10.5 கிராமுக்குக் கீழ்
4. ஈஎஸ்ஆர் 30-க்கு மேல் (இப்போது இதற்குப் பதிலாக சிஆர்பி 30-க்கு மேல் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள்)

இந்த நிலை வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும்.

சேர்ந்தபின் நரம்பு வழியே ஸ்டீராய்டு போகும். மூன்றாம் நாள் மறுபடி கணக்குப் பார்ப்பார்கள். அதே ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 1996-ல் வந்த ஆய்வு இதற்கு ஓர் எண் தந்தது. மூன்றாம் நாளிலும் மலம் 8 முறைக்கு மேல் போனாலோ, 3 முதல் 8 முறை போய் சிஆர்பி 45-க்கு மேல் நின்றாலோ, அந்த நோயாளிகளில் 85 சதவீதம் பேருக்குப் பெருங்குடலை அகற்ற வேண்டியிருந்தது. இன்ஃபிளிக்சிமாப் இந்த நோய்க்குப் பயன்பாட்டுக்கு வராத காலம் அது. இன்று அதே மூன்றாம் நாள், இன்ஃபிளிக்சிமாப் அல்லது சைக்ளோஸ்போரினுக்கு மாறலாமா என்று முடிவெடுக்கும் நாளாகிவிட்டது. அன்று அறுவை சிகிச்சை மருத்துவரும் படுக்கையருகே வந்து பார்த்தால் நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தமில்லை. மருந்து பலிக்காவிட்டால் நாள் வீணாகாமல் இருக்க அவர் முன்கூட்டியே வருகிறார்.

வீட்டார் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மலம் போகும் எண்ணிக்கை திடீரென்று குறைந்து, வயிறு மட்டும் உப்பி வலிக்கிறது என்றால் அது குணமாவதன் அறிகுறியாக இல்லாமல் போகலாம். குடல் அசைவிழந்து ஆபத்தாக விரிவதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும். அன்றைய சிஆர்பி முந்தைய நாளைவிடக் குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவரைக் கூப்பிட்டு வயிற்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.